தகயாமாவில் இன்னோர் அப்பா

யப்பானுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த நாட்டைப் புகழ்ந்துதான் எழுதுகிறார்கள். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடு புகழ்வேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் டுசல்டோர்ஃபில் இருபத்தாறு வருடங்களாக ட்ராம் ஓட்டுகிறேன். எங்கள் நகரத்தில் யப்பான்காரர் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய கடைத்தெருப் பக்கமாக ஒரு நாளில் பல தடவை போய் வருகிறேன். ட்ராமுக்கு அவர்கள் வரிசையில் நிற்பதையும், ஏறியதும் தொலைபேசியில் கத்தாமல் இருப்பதையும் கண்டு மெச்சியிருக்கிறேன். அவர்கள் எங்கள் ஊரில் இருக்கும்வரை மெச்சுவது சுலபமாக இருந்தது.

என் ஒரே மகள் மதுரா எங்கள் நகரத்து ஹோட்டல் ஒன்றில் மூன்று வருட அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு, ஒரு வருடம் உலகம் பார்க்கப் போகிறேன் என்று யப்பானுக்குப் போனாள். தகயாமா என்கிற பழைய மலை நகரத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் ஒன்றரை வருடமாயிற்று. இந்த நேரத்தில்தான் பழைய ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. வரவேற்பில் நிரந்தர வேலை, மாத முடிவுக்குள் பதில் வேண்டும். நிரந்தரம் என்ற சொல்லுக்காக நாங்கள் இந்த நாட்டில் எத்தனை வருடம் அலைந்தோம் என்பது எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். மகளோ ‘பாப்பம்’ என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினாள்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. கடிதத்தை அச்செடுத்து என் ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து, பெட்டியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அடுக்கிவிட்டு அவள் சொன்னாள்: “உங்களை அனுப்புறது ஊர் பாக்க இல்லை. அவளிட்ட வாயால கேட்டு, வாறன் எண்டு சொல்ல வைச்சுக்கொண்டு வாங்கோ.”

நான் ஊரும் பார்த்தேன்.

முதல் எரிச்சல் ரயிலிலேயே தொடங்கிவிட்டது. நகோயாவிலிருந்து தகயாமாவுக்குப் போகும் பாதை ஆற்றைப் பிடித்துக்கொண்டே மலைக்குள் ஏறுகிறது. பச்சைத் தண்ணீர், பெரிய வெள்ளைக் கற்கள், ஆறு வலப்பக்கம் போனால் எல்லோரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஜேர்மன் தம்பதி இருந்தார்கள். கணவர் ஒவ்வொரு நிலையத்திலும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். “பார், ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. எங்கள் ஊரில் ட்ராம்காரருக்கு மணிக்கூடே பார்க்கத் தெரியாது” என்று மனைவியிடம் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவர்களை வைத்துக்கொண்டு மணிக்கூட்டை மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்த ரயில் உண்மையாகவே ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

நிலையத்தில் மதுரா நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கட்டிப்பிடித்தாள், பெட்டியை வாங்கினாள். பக்கத்தில் என் வயதைவிடப் பத்து வயது கூடிய மெலிந்த மனிதர் ஒருவர் நின்று தலை குனிந்தார். விடுதியின் சொந்தக்காரர் ஓகவா. அந்த மலைப்பாதையில் முப்பத்துநாலு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று மதுரா அறிமுகப்படுத்தினாள். அதை அவள் சொன்ன பெருமை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பெட்டியைத் தான் தூக்க வந்தபோது அவள் அவரைத் தடுத்து “ஓத்தோசான்” என்று ஏதோ சொன்னாள்.

எனக்கு யப்பானிய மொழி தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். என்னுடைய ட்ராமில் யப்பான் குழந்தைகள் தங்கள் தகப்பன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் மதுரா எனக்கு ஊர் சுற்றிக் காட்டினாள். தகயாமாவின் பழைய தெருக்களைப் பற்றி என்ன சொல்வது? முந்நூறு வருடத்து வீடுகள் என்றார்கள். மரமெல்லாம் புகை பிடித்ததுபோலக் கறுப்பாக இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் கைப்பிடி அகலத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதில் ஒரு சிகரெட் துண்டு இல்லை. அரிசி மது காய்ச்சுகிற வீடுகளின் வாசலில் தேவதாரு இலையை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் டுசல்டோர்ஃபின் பழைய நகரம் போரில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பியர்ப் போத்தல்களால் நிரம்புகிறது. தெருவைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

தெருவைவிடவும் என்னை வாட்டியது மகளின் விளக்கம். இந்த ஜன்னல் மரச்சட்டம் ஏன் இப்படி, ஓத்தோசான் சொன்னவர். இந்தப் பாலத்துக்கு ஏன் சிவப்புப் பூச்சு, ஓத்தோசான் சொன்னவர். ஒரு பனிக்காலத்தில் மான் கூட்டம் தண்டவாளத்தில் படுத்துவிட, அவர் ரயிலை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவற்றோடு கதைத்தாராம். மத்தியானத்துக்குள் பதினொரு ஓத்தோசான் எண்ணினேன். மானுக்காக இல்லாவிட்டாலும் நானும் அன்னங்களுக்காக ட்ராமை நிறுத்தியிருக்கிறேன். அதை அவள் கேட்டதே இல்லை. என் வேலையைப் பற்றி என் மகள் ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆற்றங்கரைச் சந்தையில் ஒரு அம்மா அப்பிள் விற்றுக்கொண்டிருந்தார். எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார். மதுரா “தொய்த்சு” என்றாள், ஜேர்மனி என்று அர்த்தம். அந்த அம்மா என்னையும் பார்த்து முகம் மலர்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சொல்லாகிய ‘பௌம்கூஹன்’ என்ற கேக்கின் பெயரைச் சொல்லி, ஒரு துண்டு அப்பிள் வெட்டித் தந்தார். அவ்வளவுதான். நான் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை.

அங்கேயே அரிசிமா உருண்டைகளைக் குச்சியில் குத்தி, சோயாவில் தோய்த்துச் சுட்டு விற்கிறார்கள். கொழுக்கட்டையை ஈர்க்கில் குத்தி நெருப்பில் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் இனிப்பில்லை. நான் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன். மதுரா பதறி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தைக் கொடுக்க நல்ல நேரம் என்று உள்பையில் கை வைத்தேன். அவள் வாய் நிறைய உருண்டையோடு சிரித்தாள். கையை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. பெரிய காய்ந்த இலையைச் சின்ன அடுப்பின்மேல் வைத்து, அதில் சோயாக் களியும் வெங்காயமும் காளானும் போட்டுச் சுடுகிறார்கள். இலை கருகும் வாசனையோடு சோற்றில் வைத்துச் சாப்பிட வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. ரயிலில் வந்த அதே ஜேர்மன் தம்பதியும் அங்கே தங்கியிருந்தார்கள். அந்த அம்மா கோப்பையை நீட்டி ஓகவாவிடம், “ஓத்தோசான், இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி” என்றார். நான் மதுராவைப் பார்த்தேன். இப்படியான வீட்டு விடுதிகளில் சொந்தக்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது வழக்கம் என்றாள். ஸ்டுட்கார்ட் அம்மாவுக்கும் அவர் அப்பா என்றால் எனக்கு என்ன வந்தது? இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அந்த ஆறுதல் ஒரு மணித்தியாலம்தான் நின்றது. கடைக்குப் போகப் புறப்பட்ட மதுரா, சமையலறை வாசலில் நின்று அடுப்பை நோக்கிக் கையை நேராக நீட்டி ஏதோ சொல்லி “யோஷி” என்றாள். பிறகு தண்ணீர்க் குழாய், “யோஷி”. பின்கதவு, “யோஷி”. ஆள் இல்லாத சமையலறையைப் பார்த்துத் தனக்குத்தானே உரத்துச் சொல்கிறாள். என்ன இது என்று கேட்டேன். யப்பானிய ரயில் சாரதிகள் ஒவ்வொரு சிக்னலையும் இப்படிக் கையால் காட்டி, வாயால் சொல்லி, ‘சரி’ என்று உறுதி செய்வார்களாம். கண் மட்டும் பார்த்தால் மனம் வேறெங்கோ போய்விடும், கையும் வாயும் சேர்ந்தால் போகாது. ஓகவா வீட்டிலும் அதை விடவில்லை, அவளுக்கும் பழக்கிவிட்டார்.

இவள் டுசல்டோர்ஃபில் தன் அறை விளக்கை அணைக்காமல் போகிறவள். பத்து வருடம் நான் கத்தினேன். அந்த மனிதர் ஒன்றரை வருடத்தில், கத்தாமல், என் தொழிலை வைத்தே பழக்கியிருக்கிறார். அன்றைக்கு நான் ஓகவாவின் முகத்தைப் பார்த்துக் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஓகவாவுக்கு இரண்டு நிலையம் தள்ளி ஒரு மரக்கறித் தோட்டம் இருக்கிறது. அவர் காலையிலேயே தன் குட்டி லொறியில் போய்விட்டார். மதுராவுக்கு வேலை. என்னைத் தனியாக ரயிலில் ஏற்றி, இரண்டாவது நிலையத்தில் இறங்குங்கள், ஓத்தோசான் நிற்பார் என்றாள்.

இரண்டு பெட்டி மட்டும் உள்ள ரயில். நான் முன்னால் போய்ச் சாரதியின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். வெள்ளைக் கையுறை போட்ட இளைஞன். பச்சை விளக்கைக் கண்டதும் கை நீளுகிறது, வாய் அசைகிறது. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் டுசல்டோர்ஃபில் இப்படிச் செய்தால் அன்று பின்னேரமே தொலைபேசிகளில் என் வீடியோ ஓடும். இருபத்தாறு வருடம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருந்து, வாய் திறக்காமல், எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த இளைஞன்மீது எனக்கு வந்தது சுத்தமான பொறாமை.

இறங்க வேண்டிய நிலையம் நெருங்கியது. சாரதிக்கு அருகில் இடைஞ்சலாக நின்று இறங்குகிற பயணிகளை எனக்கே பிடிக்காது. தொழில் மரியாதைக்காக நான் பின்பெட்டிக்குப் போய் அங்கே உள்ள கதவில் நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், இல்லை. வெளியே ஓகவா கையை உயர்த்திக்கொண்டு நின்றார். ரயில் அவரைக் கடந்து போயிற்று. ஆள் இல்லாத சிறு நிலையங்களில் முன்கதவு மட்டும்தான் திறக்கும், பயணச்சீட்டைச் சாரதியே பார்ப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு ட்ராம் சாரதி, கதவில் நின்றுகொண்டே, தன் தரிப்பைத் தவறவிட்டான்.

அடுத்த நிலையத்தில் முன்கதவால் இறங்கினேன். திரும்பிப் போகும் ரயிலுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மதுராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அசையாமல் நில்லுங்கள், அவர் வருவார் என்றாள். லொறி வந்தது. ஓகவா இறங்கி என் முன்னால் நின்று, காற்றில் ஒரு ரயிலை வரைந்து, அதன் முன்கதவைச் சுட்டி “யோஷி” என்றார். பின்கதவைச் சுட்டி, இல்லை என்று தலையாட்டினார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனே தவிர மனம் இளகவில்லை. இதையும் அவர் மதுராவுக்குச் சொல்வார், அவள் மான் கதைக்குப் பிறகு இதையும் சேர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

லொறியில் இருவருக்கும் பொது மொழி இல்லை. அறுவடை முடிந்த வயல்கள், தொலைவில் உச்சியில் பனி. ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் தெருவைக் கடந்தார்கள். ஓகவா வண்டியை நிறுத்தினார். பிள்ளைகள் போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் காட்டி “மதுரா-சான்” என்றார். என் நெஞ்சைக் காட்டினார். பிறகு இடது காலைத் தூக்கி வண்டியின் தரையில் இரண்டு தடவை மிதித்து, “ச்சின், ச்சின்” என்றார்.

நான் அவருடைய காலையே பார்த்தேன்.

என் ட்ராமின் மணி காலால் மிதிப்பது. மதுரா ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிக்கூடம் என்னுடைய பாதையில்தான் இருந்தது. ஒன்றேகால் மணிக்குப் பிள்ளைகள் தரிப்பில் கூட்டமாக நிற்பார்கள். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் ஓட்டினால் இரண்டு தடவை மணி அடிப்பேன். தேவையில்லாமல் மணி அடிக்கக் கூடாது என்பது விதி. நான் யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. மதுரா ஒரு நாளும் தலையைத் திருப்பியதில்லை. அவளுக்குக் கேட்டதே இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் வாசலில் விருந்தினரின் செருப்புகளை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் படியில் இருந்தேன்.

“பிள்ளை, பள்ளிக்கூடத்தடியில நான் மணி அடிச்சது உனக்குத் தெரியுமோ?”

“ஓம். ஒண்டேகாலுக்கு. ரெண்டு தரம்.”

“பிறகேன் ஒரு நாளும் பாக்கேல்லை?”

“எல்லாப் பிள்ளையளும் நிப்பினம் அப்பா. வெக்கமா இருந்தது. ஆனா மணி கேக்காத நாளில வீட்ட வந்து அம்மாட்டக் கேப்பன், அப்பா இண்டைக்கு எங்க எண்டு.”

அந்த மனிதருக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “அவர் கேட்டவர். உங்கட அப்பா என்ன வேலை, எப்பிடி ஓட்டுறவர் எண்டு முதல் கிழமையே கேட்டவர். கேட்டா நான் சொல்லுவன்.”

நான் கேட்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்பையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், அவளுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் வந்த கடிதம்தான். மனைவி சொல்லிவிட்டபடி ‘எப்ப வாறாய்’ என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்டது வேறு.

“இஞ்ச உனக்கு என்ன பிடிச்சிருக்கு?”

அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். “அங்க ரிசெப்ஷன்ல நிண்டா, எந்த ஊர் எண்டு கேப்பினம். டுசல்டோர்ஃப் எண்டா, இல்லை, உண்மையா எந்த ஊர் எண்டு திருப்பிக் கேப்பினம். நான் அங்க பிறந்தனான் அப்பா. இஞ்சையும் கேக்கினம். தொய்த்சு எண்டு சொன்னா, ஓ எண்டு நம்பிப்போட்டுப் போயிடுவினம். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் அப்பிடி இருக்க வேணும். வரமாட்டன். அடுத்த வருஷமும் இஞ்சதான்.”

அப்பிள் விற்ற அம்மாவின் முகம் எனக்கு நினைவு வந்தது. அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஜேர்மனியில் இருந்தும், அந்த ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது எனக்கு அங்கே கிடைத்ததில்லை. என் மகளுக்கு அது தினமும் கிடைக்கிறது. அவள்மீதும் பொறாமைப்பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை. “சரி” என்றேன். முழுதாகச் சரியில்லை, ஆனாலும் சொன்னேன். கடிதத்தை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

ஆறாம் நாள் நிலையத்துக்கு மதுராவும் ஓகவாவும் வந்தார்கள். அவர் சின்ன வெங்காயமும் சிவப்பு முள்ளங்கி ஊறுகாயும் கட்டித் தந்தார். நான் மிளகாய்த்தூள் போத்தலை அவரிடம் கொடுத்தேன். நாலு சிட்டிகைக்கு மேல் போடக்கூடாது என்று மதுராவைக் கொண்டு சொல்வித்தேன். ரயில் வர இரண்டு நிமிடம் இருந்தபோது மதுரா என் முன்னால் நேராக நின்று கையை நீட்டினாள்.

“பாஸ்போர்ட், யோஷி. பிரஷர் குளிசை, யோஷி. அம்மாக்கு ஊறுகாய், யோஷி.” பிறகு கை என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. “அப்பா, யோஷி.”

நான் ஏறினேன், முன்கதவால். ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓகவாவைச் சுட்டி அவள் எதுவும் சொல்லவில்லை. அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

டுசல்டோர்ஃபில் மனைவி கதவைத் திறந்ததும் வரமாட்டாளாம் என்று சொன்னேன். அவள் ஊறுகாய்ப் பொதியை வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன், மணி உட்பட. மணி கேட்காத நாட்களில் பிள்ளை என்னைத் தேடியதை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்ட முந்தி அப்பா எங்க எண்டுதான் கேப்பாள்” என்றாள் மனைவி. “சமைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறவள் நான். அதை ஏன் நான் உங்களுக்குச் சொல்ல வேணும்?”

இத்தனை வருடம் அதை அவள் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “என்னைப் பற்றி அந்தாளிட்ட என்ன சொல்லியிருக்கிறாளாம்?”

ஆறு நாள் இருந்தேன். அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அவள் முதியோர் இல்லத்தில் மார்ச்சுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை, தனியாகத்தான் போகிறாளாம். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.